பதின்பருவ முதுகுத்தண்டு வளைவும் மரபும்: குடும்ப வரலாற்றைத் திரட்டுவதும் பயன்படுத்துவதும் எப்படி

வளரும் வயதில், வேறு நோய் எதுவும் இல்லாத பிள்ளையின் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவதோடு தன் அச்சில் முறுக்கிக்கொள்ளவும் செய்தால், அதைக் காரணம் அறியப்படாத பதின்பருவ ஸ்கோலியோசிஸ் என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்-ரேயில் வளைவு 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும். 10 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட 100 பிள்ளைகளில் 2 அல்லது 3 பேரிடம் இது காணப்படுகிறது. சிறிய வளைவுகள் இரு பாலாரிடமும் ஏறக்குறையச் சமமாக இருந்தாலும், 30 டிகிரியைத் தாண்டும் வளைவுகள் பெண் பிள்ளைகளிடம் பல மடங்கு அதிகம். காரணம் அறியப்படாதது என்ற பெயரைப் பார்த்து, ஒன்றுமே தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். மரபுக்கு இதில் பங்கு உண்டு என்பது நிலைநாட்டப்பட்ட செய்தி. ஒரு பிள்ளைக்கு வளைவு கண்டறியப்பட்ட வீட்டில், அல்லது பெற்றோரில் ஒருவருக்கே சிறு வயதில் வளைவு இருந்த வீட்டில், அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு யாரை, எந்த வயதில், எப்படிப் பார்க்க வேண்டும், மரபணுப் பரிசோதனைக்கு எப்போது பணம் செலவிடலாம், எப்போது செலவிடக் கூடாது என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

முதலில் அளவுகளைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. பாஸ்டன் நகரில் ரைஸ்பரோவும் வின்-டேவிஸும் நடத்தி 1973-இல் வெளியிட்ட குடும்ப ஆய்வில், வளைவு உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய முதல்நிலை உறவினரில் சுமார் 11 சதவீதத்தினருக்கும், பாட்டி, தாத்தா, அத்தை, மாமா, சித்தி, சித்தப்பா போன்ற இரண்டாம்நிலை உறவினரில் 2.4 சதவீதத்தினருக்கும், அவர்களுக்கு அப்பால் உள்ள மூன்றாம்நிலை உறவினரில் 1.4 சதவீதத்தினருக்கும் வளைவு இருந்தது. உறவு ஒரு படி விலகியதுமே ஆபத்து பொதுமக்களின் அளவுக்கு இறங்கிவிடுவதைக் கவனியுங்கள். அக்காளுக்கு வளைவு இருந்தால் தங்கையைப் பார்த்தே ஆக வேண்டும். ஒன்றுவிட்ட அத்தை ஒருவருக்கு இருந்தது என்பதற்காக வீட்டைக் கலவரப்படுத்த வேண்டியதில்லை. 11 சதவீதம் என்பதை மறுபக்கமிருந்தும் படிக்க வேண்டும்: அந்த வீடுகளின் முதல்நிலை உறவினரில் பத்தில் ஒன்பது பேருக்கு வளைவு வருவதில்லை.

இரட்டையர் ஆய்வுகளும் இதையே வேறு விதமாகக் காட்டுகின்றன. அதுவரை வெளியான இரட்டையர் விவரங்களை ஒன்றுசேர்த்து 1997-இல் வந்த கணக்கின்படி, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வளைவு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது 73 சதவீதம். தனித்தனிக் கருவில் வளர்ந்த இரட்டையரில் 36 சதவீதம். இந்த வேறுபாடு மரபின் கையைக் காட்டுகிறது. ஆனால் ஒரே மரபணுத் தொகுப்பை உடையவர்களிடமே அது 100 ஆகவில்லை. சுவீடனின் இரட்டையர் பதிவேட்டைக் கொண்டு 2012-இல் வெளியான ஆய்வு, ஒருவருக்கு வளைவு வருவதில் மரபின் பங்கு 38 சதவீதமே என்று மதிப்பிட்டது. மரபு யாரைக் கவனிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்கிறது. எவ்வளவு வளையும் என்று சொல்லும் திறன் அதற்கு இன்னும் வரவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் செயல்கள் எல்லாம் எளிதாக விளங்கும்.

குடும்ப வரைபடம் தயாரிப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு முழுத்தாளில் மூன்று தலைமுறை போதும்: பிள்ளையும் உடன்பிறந்தோரும், பெற்றோரும் அவர்களுடைய உடன்பிறந்தோரும், இரு பக்கத்துத் தாத்தா பாட்டியும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், வளைவு உறுதியானவருக்கு உள்ளே கருமை, ஐயமானவருக்குக் கேள்விக்குறி என்பது மருத்துவர்கள் படித்துப் பழகிய முறை. சொந்தத்தில் மணந்தவர்களை இரட்டைக் கோட்டால் இணைக்க வேண்டும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம்மிடம் வழக்கமாக இருந்து வந்திருப்பதால், இந்த இரட்டைக் கோட்டை விட்டுவிடாமல் போடுவது நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. காரணம் பின்னால் வருகிறது. ஒவ்வொரு குறியீட்டின் கீழும் முதுகு வளைந்திருப்பது தெரிந்த வயது, எக்ஸ்-ரேயில் எழுதப்பட்ட டிகிரி, பிரேஸ் (வளைவு கூடாமல் தடுக்க உடலைச் சுற்றி அணியும் கவசம்) அணிந்தாரா, அறுவைசிகிச்சை நடந்ததா, உயரம், இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதன் காரணம் ஆகியவற்றை எழுதுங்கள்.

வரைபடம் போடுவது எளிது. விவரம் கேட்டு வாங்குவதுதான் கடினம். "உங்களுக்கு ஸ்கோலியோசிஸ் உண்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும், ஏனெனில் போன தலைமுறையில் அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. "கூன் உண்டா?" என்று கேட்டாலோ, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு நோய்கள் ஒரே சொல்லுக்குள் வந்து விழும். ஆகவே எந்த வயதில் விழுந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும். அறுபதைக் கடந்த பிறகு மெல்ல மெல்லக் குனிந்த பாட்டிக்கு எலும்புத் தேய்மானமும் முதுகெலும்பு நசுங்கலும் காரணமாக இருக்கலாம். அது பேத்தியின் வளைவோடு சேராது. சிறு வயதில் நீண்ட நாள் காய்ச்சலும் வலியும் இருந்து, முதுகின் நட்டநடுவில் கூர்மையாக ஒரு முடிச்சுப் போல் புடைத்திருந்தால் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்க வாய்ப்பு மிகுதி. பதினொன்று, பன்னிரண்டு வயதில் வலியே இல்லாமல், குனியும்போது ஒரு பக்க விலா மட்டும் மேலெழுந்து நின்றது என்றால் அதுவே நாம் தேடுவது.

நேரடிக் கேள்வியைவிடச் சுற்றுவழிக் கேள்விகள் நல்ல பலன் தரும். ரவிக்கை தைக்கும்போது ஒரு தோளுக்கு மட்டும் அளவு மாற்றி வெட்டச் சொன்னார்களா, பாவாடையின் விளிம்பு ஒரு பக்கம் இறங்கியே நின்றதா, பள்ளிக் குழுப் படத்தில் ஒரு தோள் உயர்ந்து தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பழைய திருமண ஆல்பத்தில் முகம் பார்த்து எடுத்த படங்களைக் காட்டிலும், மணமேடையில் குனிந்து வணங்கும்போது பின்னாலிருந்து எடுத்த படங்கள் உதவும். வரன் பார்க்கும் காலத்தில் மறைக்கப்பட்ட செய்தியாக இது இருந்திருக்கக்கூடும் என்பதால், பலர் கூடியிருக்கும் இடத்தில் கேட்காமல் தனியாகக் கேட்பதே நாகரிகம்.

தாய்வழியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இது தவறு மட்டுமன்று, தாயின் தலையில் பழியைப் போடவும் இடம் கொடுக்கிறது. உண்மையில் தந்தைவழிச் செய்திக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஆண்களுக்குப் பெரிய வளைவு அரிதாகவே வருவதால், வளைவு வந்த ஆணிடம் அதற்கான மரபுச் சுமை சராசரியைவிடக் கூடுதலாக இருந்திருக்க வேண்டும் என்றும், அவருடைய பிள்ளைகளுக்கு அது இறங்கும் வாய்ப்பும் அதிகம் என்றும் மரபியலார் விளக்குகிறார்கள். கார்ட்டர் விளைவு எனப்படும் இது, இந்த நோயிலும் பொருந்துகிறது என்று 2012-இல் வெளியான குடும்ப ஆய்வு ஒன்று காட்டியது. அப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ இளவயதில் வளைவு இருந்திருந்தால் அதைத் தடித்த எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உடன்பிறந்தோரைப் பார்ப்பது. வளைவு வேகமாகக் கூடுவது உயரம் வேகமாகக் கூடும் காலத்தில்தான். பெண் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் பூப்பெய்துவதற்கு முந்தைய ஓராண்டுக்குள் உச்சத்தைத் தொடும், ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிந்தும். பொதுவாகப் பெண் பிள்ளைகளை 10 வயதிலும் 12 வயதிலும், ஆண் பிள்ளைகளை 13 அல்லது 14 வயதில் ஒரு முறையும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க எலும்பியல் அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு இருக்கும்போது இந்த இடைவெளி போதாது என்பது என் கருத்து. தங்கைக்கு 10 வயதிலிருந்தும், தம்பிக்கு 11 அல்லது 12 வயதிலிருந்தும், உயரம் கூடுவது நிற்கும் வரை ஆறு மாதத்திற்கு ஒரு முறை பார்ப்பதில் செலவும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

செய்முறை இதுதான். முதுகு முழுவதும் தெரியும்படி, பெண் பிள்ளையாக இருந்தால் தாயோ அக்காளோ மட்டும் உடனிருக்க, கூந்தலை உயர்த்திக் கட்டிவிட்டு, வெளிச்சம் பின்னாலிருந்து விழும் இடத்தில் நிறுத்துங்கள். முதலில் நேராக நிற்கும்போது தோள்களின் உயரம், தோள்பட்டை எலும்புகள், தொங்கும் கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருபுறமும் உள்ள இடைவெளி ஆகியவற்றை ஒப்பிடுங்கள். இந்த இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருப்பது பலர் கவனிக்காமல் விடும் அடையாளம். பிறகு பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் ஒட்டித் தொங்கவிட்டபடி, முதுகு தரைக்கு இணையாக வரும் வரை மெல்லக் குனியச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் மண்டியிட்டு, உங்கள் கண் அந்த முதுகின் மட்டத்தில் இருக்கும்படி பாருங்கள். குனியும் ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு பகுதி மேலே வரும் என்பதால், மேல்முதுகு, நடுமுதுகு, இடுப்பு மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மேடாக எழுந்தால் முதுகுத்தண்டு முறுக்கியிருக்கிறது என்று பொருள். லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865-இல் விவரித்த இந்தச் சோதனையே இன்றும் முதல் சோதனை.

மேட்டின் சாய்வை அளக்க ஸ்கோலியோமீட்டர் என்ற சிறு ரசமட்டக் கருவி இருக்கிறது. சாய்வை அளக்கும் கைப்பேசிச் செயலியும் ஓரளவு போதும். கைப்பேசியை நேராக முதுகில் வைத்தால் நடுவிலுள்ள எலும்பு முனைகள் தட்டும். எனவே இரு கட்டைவிரல்களையும் கைப்பேசியின் அடியில் கொடுத்து, முனைகள் இரண்டு விரல்களுக்கும் நடுவே வரும்படி வையுங்கள். 7 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால் எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். 5, 6 டிகிரி என்றால் மூன்று நான்கு மாதங்களில் மீண்டும் அளக்கலாம். இது மேட்டின் சாய்வு. வளைவின் அளவாக எக்ஸ்-ரேயில் அளக்கும் காப் கோணம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டு அஞ்ச வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்து குனியும்போது மேடு மறைந்துவிட்டால், கால்களின் நீள வேறுபாடே காரணமாக இருக்கலாம்.

மரபணு ஒன்றே முடிவு செய்யும் நோய்களில் முதுகுத்தண்டு வளைவு ஓர் அடையாளமாக மட்டும் வருவதுண்டு. சாதாரணப் பதின்பருவ வளைவிலிருந்து அவற்றைப் பிரித்தறிவதில்தான் குடும்ப வரைபடத்தின் முழுப் பயனும் வெளிப்படும். இவற்றுள் தவறவிடக் கூடாதது, உடலின் இணைப்புத் திசுக்களைப் பலவீனமாக்கும் மார்ஃபன் நோய். 15-ஆம் குரோமோசோமில் உள்ள ஃபைப்ரில்லின்-1 மரபணு பழுதாவதால் வரும் இதில், பாதிக்கப்பட்ட பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் இறங்கும் வாய்ப்பு 50 சதவீதம். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவே தோன்றும். பிள்ளை குடும்பத்தாரைவிட மிக உயரமாக, கை விரல்கள் நீண்டு மெலிந்து இருந்தால், கட்டைவிரலை உள்ளே மடக்கி முட்டி பிடிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலின் நுனி சுண்டுவிரல் பக்கத்தைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கையின் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மறு மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கும்போது இரண்டு நகங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அதுவும் ஓர் அடையாளம். விரித்த கைகளின் நீளம் உயரத்தைவிட 5 சதவீதத்துக்கு மேல் கூடுவது, நெஞ்செலும்பு குழிந்தோ முன்தள்ளியோ இருப்பது, கண்ணின் வில்லை நழுவுவது ஆகியவையும் சேர்ந்தால் மருத்துவர் இதயத்தின் எக்கோ பரிசோதனைக்கு எழுதித் தருவார். மகாதமனியின் அடிப்பகுதி விரிந்து கிழிவதே இந்நோயில் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் இளவயதில் திடீரென இறந்த சித்தப்பாவைப் பற்றி வரைபடத்தில் எழுதச் சொன்னேன்.

தோலையும் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் தட்டையான திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்து, பருவமடைவதற்கு முன் ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்கும், பின் 15 மில்லிமீட்டருக்கும் பெரிதாக இருந்தால், நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபு நோயான நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகையை ஐயப்பட வேண்டும். அக்குளில் சிறு புள்ளிகள் இருப்பது ஐயத்தை வலுப்படுத்தும். நடை தள்ளாடத் தொடங்கிய பிள்ளைக்கு வளைவும் சேர்ந்து வந்தால் நரம்புகள் மெல்லப் பழுதாகும் ஃபிரீட்ரைக் அட்டாக்சியா என்ற நோயை நினைக்க வேண்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது தோன்றும் என்பதால், சொந்தத்தில் மணந்த குடும்பத்தில் வாய்ப்பு கூடுகிறது. இரட்டைக் கோட்டின் தேவை இதுவே. பிறப்பிலேயே முதுகெலும்பு அரையாக உருவாகியோ ஒட்டியோ இருப்பது வேறொரு கதை. சீனாவில் நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் அத்தகைய பிள்ளைகளில் ஏறக்குறைய 10 சதவீதத்தினருக்கு டி.பி.எக்ஸ்.6 என்ற மரபணுவில் காரணத்தைக் கண்டது.

மரபோடு சேராத எச்சரிக்கைகளும் உண்டு: இரவில் எழுப்பும் வலி, மார்புப் பகுதி வளைவு இடப்பக்கம் திரும்பியிருப்பது, 10 வயதுக்கு முன்பே தோன்றுவது, காலில் பலக்குறைவு, சிறுநீர்க் கட்டுப்பாடு தவறுவது, கீழ்முதுகில் மயிர்க்கொத்து. இவற்றில் எது இருந்தாலும் தண்டுவடத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி மரபணுப் பரிசோதனை. மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று இருந்தால், மரபியல் மருத்துவர் குறிப்பிட்டுக் கேட்கும் பரிசோதனைக்குச் செலவிடுவது தகும். அதன் முடிவு சிகிச்சையை மாற்றும், உடன்பிறந்தோரைக் காக்கும். அடையாளம் எதுவும் இல்லாத சாதாரண வளைவுக்கு, இணையத்தில் உமிழ்நீர்க் குப்பி வாங்கி அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், இந்த நோயில் ஒரு மரபணு தனித்து நின்று ஆட்டிவைப்பதில்லை. 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 10-ஆம் குரோமோசோமில் எல்.பி.எக்ஸ்.1 மரபணுவுக்கு அருகே ஒரு மாறுபாட்டைக் கண்டார்கள். அது பிற நாட்டு மக்களிடமும் உறுதியானது. 2013-இல் 6-ஆம் குரோமோசோமில் ஜி.பி.ஆர்.126, 2015-இல் பி.என்.சி.2, அதே ஆண்டில் பெண் பிள்ளைகளிடம் மட்டும் தொடர்பு காட்டிய பேக்ஸ்1 அருகிலுள்ள பகுதி என்று பட்டியல் நீள்கிறது. இந்தப் பொது மாறுபாடுகளைச் சுமந்துகொண்டு நேரான முதுகோடு வாழ்பவர்களே மிகப் பெரும்பான்மையினர். ஆய்வு என்ற அளவில் இவை சுவையானவை. வரிக்குதிரை மீன்களில், மூளைத் தண்டுவட நீரைத் தள்ளும் நுண்ணிழைகள் பழுதானால் வளரும் பருவத்தில் முதுகு வளைகிறது என்று 2016-இல் காட்டப்பட்டது, காரணத்தைத் தேடும் பாதையையே திருப்பியது. ஆனால் உங்கள் மகளின் வளைவு கூடுமா என்பதற்கு இவற்றில் விடை இல்லை.

அந்த விடையைத் தருவதாகச் சொல்லி அமெரிக்காவில் ஒரு பரிசோதனை விற்பனைக்கும் வந்தது. ஸ்கோலிஸ்கோர் என்ற அது, மரபணுத் தொகுப்பில் 53 இடங்களைப் பார்த்து, சிறு வளைவு பெரிதாகும் வாய்ப்புக்கு மதிப்பெண் கொடுத்தது. வெள்ளை இனத்தாரிடம் உருவாக்கப்பட்ட அந்தக் கணக்கை ஜப்பானியரிடமும், பிரெஞ்சு வழிக் கனடியரிடமும் சரிபார்த்தபோது அந்த இடங்களுக்கும் வளைவு பெரிதாவதற்கும் தொடர்பு தென்படவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் செய்த கணக்கை வேறொரு கூட்டத்தின் மேல் அப்படியே பொருத்த முடியாது என்பதை, நம் பிள்ளைகளுக்காகப் பரிசோதனை வாங்க நினைக்கும்போது மறக்க வேண்டாம்.

வளைவு கூடுமா என்பதை இன்று நம்பகமாகச் சொல்பவை எக்ஸ்-ரேயும் வயதும்தான். 1984-இல் லான்ஸ்டீனும் கார்ல்சனும் வெளியிட்ட ஆய்வில், 20 முதல் 29 டிகிரி வளைவோடு எலும்பு வளர்ச்சி தொடக்க நிலையில், அதாவது ரிஸ்ஸர் அளவு 0 அல்லது 1 ஆக இருந்த பிள்ளைகளில் 68 சதவீதத்தினருக்கு வளைவு கூடியது. அதே டிகிரியில் ரிஸ்ஸர் 2 முதல் 4 வரை இருந்தவர்களில் 23 சதவீதத்தினருக்கே கூடியது. ரிஸ்ஸர் என்பது இடுப்பெலும்பின் மேல்விளிம்பு எந்த அளவு எலும்பாகியிருக்கிறது என்று எக்ஸ்-ரேயில் பார்த்துச் சொல்லும் எண். 25 டிகிரிக்குக் கீழ் என்றால் கண்காணிப்பு, வளர்ச்சி மீதமிருக்க 25 முதல் 40 அல்லது 45 வரை என்றால் பிரேஸ், அதைத் தாண்டினால் அறுவைசிகிச்சை பற்றிய பேச்சு என்பது பொது வழக்கம். குடும்ப வரலாறு இருப்பதால் பிரேஸ் பலிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதத்தினரும், அணியாதவர்களில் 48 சதவீதத்தினரும் 50 டிகிரியை எட்டாமல் வளர்ச்சியை முடித்தார்கள். நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களில் அந்த வெற்றி 90 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. அக்காளைப் பார்த்துத் தங்கையின் வளைவை 25 டிகிரியில் பிடித்துவிட்டால், இந்தச் சிகிச்சைக்கு வாய்ப்பு இருக்கும். 50-இல் பிடித்தால் இருக்காது.

புத்தகப் பை, கோணலாக உட்காருவது, ஒரு பக்கமாகப் படுப்பது ஆகியவை இந்த வளைவை உண்டாக்குவதில்லை. பிள்ளையைத் திட்டுவதை நிறுத்தினாலே வீட்டில் பாதி அமைதி திரும்பும்.

மருத்துவரிடம் செல்லும்போது வரைபடத்தின் நகல், உறவினரின் எக்ஸ்-ரே இருந்தால் அதன் நகல், பிள்ளையின் உயரத்தை ஆறு மாதத்திற்கு ஒரு முறை எழுதி வந்த அட்டை, பெண் பிள்ளையானால் பூப்பெய்திய மாதம், தாயும் அக்காளும் பூப்பெய்திய வயது ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். எக்ஸ்-ரே அறிக்கையில் காப் கோணத்தோடு எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை அளந்தார்கள் என்பதையும், ரிஸ்ஸர் எண்ணையும் எழுதித் தரக் கேளுங்கள். அளப்பவரைப் பொறுத்து 5 டிகிரி வரை மாறுபடக்கூடும் என்பதால், அடுத்த முறை அதே எலும்புகளுக்கு இடையே அளந்தால்தான் கூடியதா குறைந்ததா என்பது தெரியும். மார்புக் கதிர்வீச்சைக் குறைக்க முதுகுப்பக்கத்திலிருந்து படம் எடுக்கும்படி கேட்பதும் உங்கள் உரிமை. பிள்ளைக்கு 18 வயதானதும் இந்தக் கோப்பு முழுவதையும் அவளிடமே, அல்லது அவனிடமே, ஒப்படைத்துவிடுங்கள். அவர்களுடைய பிள்ளைகளும் முதல்நிலை உறவினரே என்பதால், பெண்ணுக்கு 10 வயதிலும் ஆணுக்கு 11 அல்லது 12 வயதிலும் தொடங்கும் அதே ஆறு மாதச் சோதனை அவர்களுக்கும் பொருந்தும்.